ஃபிஷிங்னா மீன் பிடிக்கிறதா?

போன வாரம் இங்க சிங்கப்பூர்ல, உட்லண்ட்ஸ்ல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் உயர்நிலை ரெண்டு படிக்கிறான், தமிழ் வொர்க்ஷீட்ட விரிச்சு வச்சுக்கிட்டு "மாமா, ஃபிஷிங்குக்குத் தமிழ்ல என்ன"ன்னு கேட்டான். தலைப்பு இணையப் பாதுகாப்பு, பேங்க் மாதிரி நம்பிக்கையான ஆளா நடிச்சு பாஸ்வேர்டப் புடுங்குற மோசடியத்தான் ஃபிஷிங்னு சொல்றாங்க. அவனே பென்சில்ல ஒரு பதில் எழுதி வச்சிருந்தான்: மீன் பிடித்தல். சிரிச்சிட்டேன், ஆனா யோசிச்சா பையன் சொன்னது பாதி சரிதான்.

இங்கிலீஷ்லயும் அது மீன் பிடிக்கிற சொல்லுதான், ஆரம்பத்துல எஃப்புக்குப் பதிலா பி எச் போடுவாங்க, அவ்வளவுதான். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாயிடுது, அதனால அந்தக் குறும்பு நமக்குத் தெரியுறதில்ல. 1970கள்ல அமெரிக்காவுல டெலிபோன் லைன ஏமாத்தி காசு குடுக்காம தூரத்துக்குப் பேசுற ஒரு கூட்டம் இருந்துச்சு, சீரியல் டப்பாவுல இலவசமா வந்த விசில் 2600 ஹெர்ட்ஸ்ல ஊதும், அந்தச் சத்தம் கேட்டா எக்ஸ்சேஞ்ச் லைன் சும்மா கிடக்குன்னு நெனச்சுக்கும், அந்த சந்துல புகுந்துடுவாங்க. ஃபோன்ல இருக்கிற பி எச்ச எடுத்துத் தங்களுக்கே ஒரு பேரும் வச்சுக்கிட்டாங்க. அதே எழுத்துதான் 1990கள் நடுவுல, ஏஓஎல்ங்கிற அமெரிக்க இணைய சேவை கம்பெனி காலத்து திருடனுங்க கைக்கு வந்துச்சு. கம்பெனி ஆளு மாதிரி மெசேஜ் அனுப்புவான், உங்க அக்கவுண்ட சரிபார்க்கணும் பாஸ்வேர்ட் சொல்லுங்கன்னு. எங்க ஆளுங்க யாரும் பாஸ்வேர்ட் கேக்க மாட்டாங்கன்னு ஏஓஎல் திரையிலேயே எழுதிப் போட வேண்டியதாப் போச்சு. இன்னைக்கும் நம்ம ஊர்ல கிட்டத்தட்ட இதே வரியத்தானே ஒட்டி வச்சிருக்காங்க.

சரி, தமிழுக்கு வருவோம். 'இணைய மோசடி'ன்னு எழுதினா மார்க் குடுப்பாங்க, ஆனா அது ரொம்பப் பொதுவான சொல்லு, ஆன்லைன்ல ஷூ வாங்கி வெறும் டப்பா வந்தாலும் அதே பேருதான். 'வலைவீச்சு' கேக்க அழகா இருக்கு, ஆனா வலையில இரை இல்ல. எனக்குச் சரின்னு படுறது தூண்டில் மோசடி. மீன் பிடிக்கிற ஜெட்டி எதுலயாவது சாயங்காலம் போய் நின்னு பாருங்க, அங்கிள் ஒருத்தர் இறாலக் கோக்குறப்ப முள்ளு நுனி வெளிய தெரியாம எவ்வளவு பொறுமையா மறைக்கிறார்னு. நம்மாளுங்களுக்கு இது புதுசும் இல்ல, சூதாட்டத்துல ஜெயிச்ச காசப் பத்தி வள்ளுவர் 931ஆவது குறள்ல "தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று"ன்னு சொல்லிட்டார். அங்க பொன்னுன்னா தங்கம் இல்ல, இரைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இரும்பு முள்ளு.

இன்னொண்ணும் இருக்கு, தூண்டிலுக்குள்ளயே 'தூண்டு' இருக்கு பாருங்க. "24 மணி நேரத்துல அக்கவுண்ட் மூடிடும்"னு வர்றது அந்தத் தூண்டுதல்தான். 2021 டிசம்பர்ல இங்க ஒரு பேங்க் பேர்ல இப்படித்தான் எஸ்எம்எஸ் வந்துச்சு, அதுவும் பேங்கோட பழைய மெசேஜ்களுக்குக் கீழேயே வந்து உக்காந்துச்சு, யாருக்குச் சந்தேகம் வரும். 790 பேரு, 13.7 மில்லியன் வெள்ளி. அதுக்கப்புறம்தான் பேங்க் எஸ்எம்எஸ்ல லிங்க் அனுப்புறத நிறுத்தினாங்க, 2023 ஜனவரி கடைசியிலேர்ந்து பதிவு பண்ணாத பேர்ல வர்ற எஸ்எம்எஸ்ஸுக்கு 'மோசடியா இருக்கலாம்'ங்கிற மாதிரி ஒரு லேபிளும் விழுது. ஆனா டெலிகிராம், கேம் சாட் இதுக்கெல்லாம் அந்த லேபிள் கிடையாது, பசங்க இருக்கிறது என்னமோ அங்கதான். சந்தேகம்னா மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அடிச்சுக் கேக்கலாம்.

எஸ்எம்எஸ்ல வந்தா ஸ்மிஷிங், குரல்ல வந்தா விஷிங், கியூஆர்ல வந்தா குவிஷிங்னு இங்கிலீஷ்ல பேரு பெருகிக்கிட்டே போகுது. தமிழ்ல குறுஞ்செய்தித் தூண்டில், அழைப்புத் தூண்டில்னு போட்டா முடிஞ்சுது, படிச்ச உடனே புரியும்.

இவ்வளவும் சொல்லி முடிச்சதும் அவன் "மாமா, கேம் கேரக்டருக்குப் போடுற புது டிரஸ், அதான் ஸ்கின், ஃப்ரீயா தர்றேன்னு வர்றதும் இதானா"ன்னு ஃபோன நீட்டினான். அவன் விளையாடுற கேம் பேர்லதான் லிங்க், நடுவுல ஓ இருக்க வேண்டிய இடத்துல சைபர். பேரு அடிச்சிருந்தான், பாஸ்வேர்ட் கட்டம் இன்னும் காலியா இருந்துச்சு. சாப்பாட்டுக்கு அக்கா கூப்பிட்டதால விட்டுட்டானாம்.

பேஜ மூட வச்சிட்டு வொர்க்ஷீட்டப் பாத்தேன், 'தூன்டில் மோசடி'ன்னு எழுதியிருந்தான். "டேய், ரெண்டு சுழி இல்லடா, மூணு சுழி." "ஒரு எழுத்துதானே மாமா"ங்குறான்.