ஒரே சட்டிச் சோறு, வேறு வேறு உடம்பு

பாளையங்கோட்டையில் ஒரே வீட்டில், ஒரே சட்டியில் ஆக்கின சொதியும் சோறும் சாப்பிட்டு வளரும் அண்ணன் தம்பியில், ஒருவன் ஒல்லிக்குச்சியாக இருக்க, இன்னொருவனுக்கு மட்டும் ஐந்தாம் வகுப்பிலேயே பெரிய ஆட்கள் அளவில் சட்டை எடுக்க வேண்டியிருக்கிறது. ஆச்சி, "அவன் தாத்தா வாகுல்லா" என்று முடித்துவிடுவாள். மற்றவர்கள், "வாயைக் கட்டுல" என்பார்கள். இதில் ஆச்சி சொல்வதுதான் அறிவியலுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்து ஆளான 540 பேரை ஆராய்ந்து 1986-ல் ஒரு முடிவு வந்தது. அவர்களுடைய உடல்பருமன் பெற்றவர்களை ஒத்திருந்ததே தவிர, வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையான இரட்டையர்களை வைத்து 2008-ல் வந்த ஆய்வு, பிள்ளைகளுக்கு இடையிலான பருமன் வித்தியாசத்தில் 77 சதவீதம் மரபணுவால் வருகிறது என்றது. ஒரு பிள்ளையின் எடையில் 77 சதவீதம் மரபணு என்று இதைப் படிக்கக் கூடாது. பிள்ளைக்குப் பிள்ளை ஏன் வேறுபடுகிறது என்பதைப் பற்றிய கணக்கு இது.

சரி, அந்த மரபணுக்கள் எங்கே வேலை செய்கின்றன? தின்றது சரியாக எரியவில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இதுவரை அடையாளம் கண்டவற்றில் பெரும்பாலானவை வேலை செய்யும் இடம் மூளை. உடம்புக் கொழுப்பை வீட்டுக் குலுக்கையில் கிடக்கும் நெல் என்று வைத்துக்கொண்டால், கையிருப்பு எவ்வளவு என்று மூளையில் பசியைக் கவனிக்கும் பகுதியான ஹைப்போதாலமஸுக்குச் சொல்வது லெப்டின் என்ற ஹார்மோன். கொழுப்புச் செல்களே அதைச் சுரக்கின்றன. 1994-ல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதைக் கண்டுபிடித்தது. மூன்றே வருடத்தில் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓராஹில்லி, சதாஃப் ஃபரூக்கி குழு ஒரே குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதியது: எட்டு வயதுப் பெண்ணுக்கு 86 கிலோ, இரண்டு வயதுப் பையனுக்கு 29 கிலோ. இருவர் உடம்பிலும் லெப்டின் இல்லாததுபோலத்தான். குலுக்கை நிரம்பி வழிந்தாலும் மூளைக்குத் தகவல் போகவில்லை, அதனால் பசி அடங்கவே இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டதும் பசி தணிந்து எடை இறங்கியது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் போய் வாயைக் கட்டச் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

அது சொந்தத்துக்குள் திருமணம் செய்துகொண்ட குடும்பம். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற நம் பக்கத்துக்கு இது புரியும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் லெப்டின் மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும், இருவருக்கும் பாட்டன் பூட்டன் ஒருவரே என்றால் அதற்கான வாய்ப்பு கூடும். பயப்பட வேண்டாம், இது மிக அபூர்வம். சிறு வயதிலேயே கடுமையாகப் பருத்த பிள்ளைகளிடம் இதைவிட அடிக்கடி தட்டுப்படுவது, மூளையில் பசியை அடக்க உதவும் எம்சி4ஆர் என்ற மரபணுவின் பழுது, அதற்கு ஒரு பிரதி கெட்டாலே போதும்.

சாதாரணமாகக் குண்டாக இருக்கும் பிள்ளைகளின் கதை வேறு. அங்கே நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள் துளித்துளியாகச் சேர்கின்றன. அவற்றில் பேர்போனது 2007-ல் தெரியவந்த எஃப்டிஓ: எடை கூட்டும் வகை இரு பிரதியாக உள்ள பெரியவர்களுக்கு, அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல், அவ்வளவுதான். அதே வகை உள்ள ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் கலோரி மிகுந்த பண்டங்களாகப் பார்த்துச் சாப்பிட்டார்கள் என்று ஓர் ஆய்வு காட்டியது. தாத்தாவுக்கும் இதே மரபணுதான் இருந்திருக்கும், ஆனால் அவர் காலத்தில் தெருமுனைக்குத் தெருமுனை பேக்கரியும் புரோட்டாக் கடையும் இல்லை, வயலுக்கு நடந்தே போனார். நன்றாக உடலுழைப்புச் செய்யும் பெரியவர்களிடம் எஃப்டிஓவின் பாதிப்பு கால்பங்குக்கு மேல் குறைகிறது.

அப்புறம், எல்லாருக்கும் லெப்டின் ஊசி போட்டுவிடலாமே என்றால், அதுவும் நடக்காது. பருத்த உடம்பில் லெப்டின் ஏற்கெனவே நிறையச் சுரக்கிறது, மூளைதான் அதைக் கண்டுகொள்வதில்லை.

மரபணுச் சோதனை எல்லாப் பிள்ளைக்கும் தேவையில்லை. ஐந்து வயதுக்கு முன்பே எடை கடகடவென்று ஏறி, சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி பசி என்று அழுது, ராத்திரி எழுந்து அடுக்களையில் சாப்பாடு தேடும் பிள்ளை என்றால் குழந்தை மருத்துவரிடம் அதைக் கேளுங்கள். சொந்தத்தில் கட்டியிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.