எல்லையோரப் புகைக்கு எங்கே மனுக் கொடுப்பது? கும்மிடிப்பூண்டி முதல் நகரி வரைக்கான காற்று மாசு விதிகள்

ஆந்திரத்தின் தடா பக்கம் எழும் புகைக்குத் தமிழ்நாட்டின் ஆரம்பாக்கத்தில் மனுக் கொடுத்தால், "அது ஆந்திரா லிமிட்" என்ற பதிலோடு மனு திரும்பி வரும். கும்மிடிப்பூண்டித் தூசிக்குத் தடாவில் கொடுத்தாலும் அதே கதிதான். இதனாலேயே கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, சத்தியவேடு, சூளூர்பேட்டை, நகரி வட்டாரத்தில் பலர் இரண்டு மனுக்களோடு ஓய்ந்துவிடுகிறார்கள். அப்படி ஓய வேண்டியதில்லை. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் (1981) மத்தியச் சட்டம். கல் உடைக்கும் கிரஷர், செங்கல் சூளை, கட்டுமானத் தூசி, வண்டிப் புகை ஆகியவற்றுக்கான அளவுகளும் மத்திய விதிகள். எல்லைக் கல்லுக்கு இருபுறமும் எழுத்து மாறாமல் அவை பொருந்தும். மாறுவது அமல்படுத்தும் வாரியம் மட்டுமே. புகை கிளம்பும் இடம் எந்த மாநிலமோ, அந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத்தான் மனு போக வேண்டும். புகை வந்து விழும் இடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது.

முதலில் திட்டத்தையும் விதியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கியது. தேர்ந்தெடுத்த 131 நகரங்களில் பி.எம். 10 எனப்படும் நுண் தூசியை 2017-18 அளவிலிருந்து 2025-26க்குள் 40 சதவீதம் வரை குறைப்பது, அல்லது தேசியத் தர அளவுக்குக் கொண்டுவருவது அதன் இலக்கு. பட்டியலில் இந்தப் பக்கம் சென்னை இருக்கிறது. அந்தப் பக்கம் நெல்லூரும் சித்தூரும் இருக்கின்றன. சாலை பெருக்கும் இயந்திரம், சாலையோரத்துக்குத் தளம் போடுவது போன்ற வேலைகளுக்கான பணம் இந்த நகரங்களுக்கே வரும். இடையில் இருக்கும் கும்மிடிப்பூண்டி, தடா, ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பணம் கிடையாது. ஆனால் சென்னைக் கட்டடங்களுக்குப் போகும் ஜல்லியும் எம்-சாண்டும் செங்கல்லும் கிளம்புவது இந்த இடைப்பட்ட நிலத்திலிருந்துதான். நகரத்தின் காற்றைச் சுத்தம் செய்யும் கணக்கில் இந்த ஊர்களை விட்டுவிட்டது பெரிய ஓட்டை என்றே நாங்கள் கருதுகிறோம். பணம் வராவிட்டாலும் விதிகள் இங்கே இருக்கின்றன. அவற்றைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

2009இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தர அளவின்படி, 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 10 தூசி 100 மைக்ரோகிராமையும், அதைவிட நுண்ணிய பி.எம். 2.5 தூசி 60 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. ஆண்டுச் சராசரி என்றால் 60, 40. பி.எம். 10 என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு மிகாத தூசி. கும்மிடிப்பூண்டியில் வாரியத்தின் தானியங்கிக் கண்காணிப்பு நிலையம் உண்டு. மத்திய வாரியத்தின் 'சமீர்' செயலியில் அதன் அளவைப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தூசியைப் பொறுத்தவரை செயலி காட்டும் தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடப்படுகிறது. ஓர் ஆலை நள்ளிரவு 1 மணிக்கு உலையைத் திறந்து 3 மணிக்கு மூடினால், அந்த இரண்டு மணி நேரப் புகை சராசரியில் கரைந்துபோகும். "குறியீடு நன்றாகத்தானே இருக்கிறது" என்று பதில் வந்தால், மத்திய வாரிய இணையதளத்தில் அந்த நிலையத்தின் மணிவாரி அளவை எடுத்து மனுவோடு இணையுங்கள்.

கிரஷர்தான் இந்த வட்டாரத்தின் பெரிய தலைவலி. விதி தெளிவாக இருக்கிறது: எந்த இயந்திரத்திலிருந்தும் 3 முதல் 10 மீட்டர் தொலைவுக்குள் அளந்தால், மிதக்கும் தூசி கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இதற்காக ஐந்து ஏற்பாடுகளைச் சட்டமே சொல்கிறது. தூசி வெளியேறாமல் மூடி அடக்கும் அமைப்பு, காற்றுத் தடுப்புச் சுவர், வளாகத்துக்குள் கெட்டிச் சாலை, தரையைக் கூட்டி ஈரமாக வைப்பது, சுற்றிலும் மரவரிசை. பெரும்பாலான இடங்களில் இவை பெயரளவுக்காவது இருக்கும். வேலை செய்கின்றனவா என்பதுதான் கேள்வி.

கெட்டுப்போவது எங்கே என்றால், முதலில் நீர் தெளிப்பான். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர் தெளிப்பு முனைகளில் படிந்து அடைத்துவிடும். பனிபோலத் தெளிக்க வேண்டிய நீர் ஒழுகி வழியும். ஒழுகும் நீருக்குத் தூசி படியாது. குழாயில் வடிகட்டி வைப்பதும், முனைகளை அடிக்கடி கழற்றிக் கழுவுவதும் இதற்கான எளிய தீர்வு. நீர் அதிகமானால் சல்லடை அடைத்துக்கொள்ளும். அதனால் ஆட்கள் தெளிப்பானையே நிறுத்திவிடுவார்கள். எனவே கல் கொட்டும் இடத்திலும் கல்லை முதலில் நொறுக்கும் ஜா கிரஷர் வாயிலிலும் நீர் தெளித்து, சல்லடையைத் தகரத்தால் மூடி உறிஞ்சு குழாய் வழியே பை வடிகட்டிக்குத் தூசியைக் கொண்டுபோவதே சரியான முறை. அந்தப் பை கிழிந்தால் தூசி முழுவதும் விசிறி வழியாக வெளியே வரும். பிறகு கன்வேயரின் முனை. ஜல்லி 5 மீட்டர் உயரத்திலிருந்து குவியலில் விழுந்தால் ஒவ்வொரு விழுகையிலும் தூசி எழும்பும். குவியல் உயர உயரச் சுருங்கும் குழாயை அங்கே மாட்டினால் பெருமளவு அடங்கிவிடும். ஆய்வுக்கு வருபவரிடம் "தூசி வருகிறது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "கன்வேயர் முனையில் குழாய் இல்லை, சல்லடைக்கு மூடி இல்லை" என்று இடத்தைச் சுட்டிச் சொன்னால் அறிக்கையில் அதை எழுதாமல் தப்ப முடியாது.

செங்கல் சூளைக்கு 2022 பிப்ரவரி 22இல் புதிய விதி வந்தது. புகைபோக்கியில் துகள் அளவு கன மீட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். தூய காற்றுத் திட்டப் பட்டியல் நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ள சூளைகளுக்கு ஓராண்டும், மற்றவற்றுக்கு இரண்டாண்டும் அவகாசம் தந்து ஜிக்-ஜாக் முறைக்கோ, செங்குத்துச் சூளைக்கோ, குழாய் எரிவாயுவுக்கோ மாறச் சொன்னது. இரண்டு கெடுவும் முடிந்தாயிற்று. குழாய் எரிவாயு, நிலக்கரி, விறகு, வேளாண் கழிவு தவிர வேறு எதையும் எரிக்கக் கூடாது. டயர், பிளாஸ்டிக், பெட்கோக் (பெட்ரோலியக் கரி) மூன்றும் நேரடித் தடை. புதிதாக வரும் சூளை குடியிருப்பிலிருந்தும் பழத்தோட்டத்திலிருந்தும் குறைந்தது 800 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நகரி, புத்தூர் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஜிக்-ஜாக் என்பது கல்லை அடுக்கும் முறை. காற்று நேராக ஓடாமல் வளைந்து வளைந்து போவதால் எரிபொருள் நன்றாக எரியும், கரியும் மிச்சமாகும். மாறிய பிறகும் கரும்புகை வருகிறதென்றால் பெரும்பாலும் காரணம் தீ போடும் முறைதான். அரை மணிக்கொரு முறை மண்வெட்டி நிறைய அள்ளிப் போட்டால் புகை மண்டும். சிறு கரண்டியால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை போட வேண்டும். சுவர் விரிசலில் காற்று கசிந்தாலும், ஈர விறகு போட்டாலும் இதே நிலைதான்.

லாரி விஷயத்தில் எல்லை ஒரு தடையே இல்லை. புகைச் சான்று நாடு முழுவதும் ஒரே வடிவம், கியூஆர் குறியீட்டுடன். ஆந்திராவில் எடுத்தது எளாவூர் சோதனைச் சாவடியிலும் செல்லும். பி.எஸ். (பாரத் ஸ்டேஜ் புகைத் தரம்) 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஓராண்டு, அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம் செல்லுபடி. டீசல் வண்டியின் புகை அடர்த்தி வரம்பு பி.எஸ். 4க்கு மீட்டருக்கு 1.62, அதற்கு முந்தையதற்கு 2.45. தேறாவிட்டால் உடனே என்ஜினைப் பிரிக்க வேண்டாம். என்ஜின் சூடேறாமல் சோதித்தாலும் தேறாது. கரும்புகை என்றால் முதலில் ஏர் பில்டரையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. அதுதான் செலவு வைக்கும் கோளாறு. பி.எஸ். 6 லாரிகளில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் யூரியா கரைசலை ஊற்றாமல் ஓட்டக் கருவி மாட்டிக்கொள்வது இன்னொரு தீமை. புகைச் சோதனை அடர்த்தியை மட்டும் பார்ப்பதால் இதைப் பிடிக்காது. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் பெருகும். அதிகப் பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. பாரம் குறைந்தால் புகையும் குறையும், சாலையில் சிதறும் ஜல்லித் தூளும் குறையும்.

கட்டுமானத்துக்கு 2018 ஜனவரியில் வந்த விதி எல்லா வேலைகளுக்கும் பொருந்தும் தடைகளைச் சொல்கிறது: திறந்தவெளியில் கல், டைல்ஸ் அறுக்கக் கூடாது, மணலையும் கழிவையும் சாலையோரம் குவிக்கக் கூடாது, மூடாத வண்டியில் ஏற்றக் கூடாது. தூசி அளவு வரம்பைத் தாண்டிய நகரங்களில் கட்டட உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10 மீட்டர் உயரத்துக்குத் தடுப்பு கட்ட வேண்டும். தூசி தடுக்கும் ஏற்பாடுகளைப் பலகையில் எழுதி மாட்டவும் வேண்டும்.

குப்பை எரிப்புக்கு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2016 டிசம்பர் உத்தரவுப்படி சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய். போகி இரு மாநிலத்துக்கும் பொதுப் பண்டிகை என்பதால், பக்கத்து ஊராட்சிகள் இரண்டும் சேர்ந்து பழைய டயரை முந்தைய வாரமே வாங்கிக்கொள்வது நல்ல பலன் தரும். மார்கழி, தை விடியலில் தரையோரக் குளிர்காற்று புகையை மேலே எழ விடாது. அன்றைக்கு எரியும் ஒரு டயரின் புகை மாலைக் கடற்காற்று நாளில் எரிவதைவிட நெடுநேரம் தெருவிலேயே கிடக்கும்.

இனி மனு. "சுற்றுச்சூழல் பாதிக்கப்படுகிறது, நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால், பகல் 11 மணிக்கு ஒருவர் வருவார், அப்போது தெளிப்பான் ஓடிக்கொண்டிருக்கும், மனு முடிந்துவிடும். ஏழு நாட்களுக்குத் தேதி, மணி, காற்றின் திசை குறித்து வையுங்கள். நேரமும் இடமும் பதிவாகும்படி கைப்பேசியில் படம் எடுங்கள். ஆலையின் சர்வே எண்ணையோ, அது தெரியாவிட்டால் ஊரும் சாலையும் அடையாளமும் எழுதுங்கள். எந்த விதி மீறப்படுகிறது என்று ஒரே வரியில் சொல்லுங்கள். கோரிக்கை திட்டமாக இருக்கட்டும்: இரவு நேர ஆய்வு, அளவீடு, உங்கள் முன்னிலையில். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் வாரியத்தின் கும்மிடிப்பூண்டி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் திருவள்ளூர் ஆட்சியருக்கும் கொடுக்கலாம். தடா, சத்தியவேடு, சூளூர்பேட்டை என்றால் ஆந்திர வாரியத்துக்கும் திருப்பதி மாவட்ட ஆட்சியருக்கும், நகரி என்றால் சித்தூர் ஆட்சியருக்கும். அங்கே தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ எழுதுவது வேலையைச் சுருக்கும். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

கூடவே 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்று போட்டு, அந்த ஆலைக்குக் கொடுத்த இசைவாணையின் (இயங்க வாரியம் தரும் அனுமதி) நகலையும் கடைசி ஆய்வறிக்கையையும் கேளுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடலாம், எந்த எரிபொருள், எந்தத் தூசிக் கருவி என்றெல்லாம் இசைவாணையின் நிபந்தனைகளில் எழுதியிருக்கும். பொதுவிதியைக் காட்டுவதைவிட அந்த நிபந்தனையைக் காட்டி எழுதும் இரண்டாவது மனு வலுவானது.

இரு வாரியங்களும் ஒன்றையொன்று கைகாட்டினால் அடுத்த இடம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சென்னையில் சேப்பாக்கம் கலச மகாலில். தமிழ்நாடும் ஆந்திராவும் ஒரே அமர்வின் கீழ் வருவதால், இரு வாரியங்களையும் ஒரே மனுவில் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் போட வேண்டும். தக்க காரணம் சொன்னால் மேலும் 60 நாட்கள் தரலாம். வாரியத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் மாதங்களும் இந்தக் கெடுவில் கழிந்துகொண்டே போகும். அதனால் முதல் மனுவின் ஒப்புகையிலேயே ஆறாவது மாதம் முடியும் தேதியை எழுதி வைத்துவிடுங்கள்.