ஆ-பே-ட்சே எர்குண்டுங்ஸ்கிராஃப்ட்வாகன்: தமிழில் 'வேவு ஊர்தி'

ஜெர்மனியில் நச்சுவாயு கசிந்தாலோ கதிர்வீச்சு இருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலோ தீயணைப்புத் துறை முன்னே அனுப்பும் அளவீட்டு வேனின் பெயர் இது. உள்ளே 4 பேர்.

ஆ, பே, ட்சே என்பவை ஏ, பி, சி எழுத்துகளின் ஜெர்மன் ஒலிப்பு: அட்டோமார் (அணு), பியோலோகிஷ் (உயிரி), கெமிஷ் (வேதி). தமிழிலும் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அ-உ-வே என்று அழகாக அமைகிறது. கிராஃப்ட் என்றால் விசை, வாகன் என்றால் வண்டி. இரண்டும் சேர்ந்தால் மோட்டார் வாகனம். ஊர்தி என்றாலே போதும்.

சிக்கல் நடுச்சொல்லில். 'எர்குண்டுங்' என்பதன் வேர் 'குண்டெ': செய்தி, அறிவு. அதே வேரில் பிறந்த 'குண்ட்ஷாஃப்டர்' ஒற்றனைக் குறிக்கும். ஜெர்மன் தீயணைப்பு விதிகளில் எர்குண்டுங் என்பது அதிகாரி முடிவெடுக்கும் முன் களநிலையை அறியும் முதல் கட்டம். ஆகவே 'கண்டறியும் வாகனம்' என்ற பெயர்ப்பு பொருந்தாது, 'வேவு' பொருந்தும். இராணுவத்தின் ஆறு சக்கரக் கவச வண்டியான ஃபுக்ஸ் வேறு சொல்லைத் தாங்குகிறது: 'ஷ்ப்யூர்பன்ட்ஸர்'. 'ஷ்ப்யூர்' தடம் பற்றியது, மோப்ப நாய்க்கும் அதே சொல்தான். அதை 'மோப்பக் கவசவண்டி' எனலாம்.

'கண்டறியும்' என்பதை நாம் ஏற்காததற்குக் கருவிகளே காரணம். ஒளி அயனியாக்க உணரி புற ஊதா ஒளியால் வாயு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்து அதை உணர்கிறது. அதில் வழக்கமான விளக்கின் ஆற்றல் 10.6 எலக்ட்ரான்வோல்ட். பென்சீனுக்கு 9.24 போதும், சிக்கிவிடும். குளோரினுக்கு ஏறத்தாழ 11.5, மீத்தேனுக்கு 12.6 தேவை. எனவே குளோரின் சூழ்ந்திருந்தாலும் திரையில் சுழியம்தான். அதை நம்பி முகமூடியைக் கழற்றுவது ஆபத்து. ஏதோ இருக்கிறது என்று இந்த உணரி சொல்லும், எது என்று சொல்லாது. மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகள் நகரும் வேகத்தை அளக்கும் அயனி நகர்வுக் கருவி ஓரளவு பெயர் சொல்லும். ஆனால் டீசல் புகைக்கும் துப்புரவுத் திரவத்துக்கும்கூட அலறும். செறிவு மிகுந்தால் தெளிய நெடுநேரம் பிடிக்கும். 'உ' எழுத்து பெயரளவுக்குத்தான்: கிருமிக்கு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதோடு வேலை முடிகிறது.

ஓடும்போது இன்னொரு பிழை. 30 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் நகர்கிறது. கருவி பதில் சொல்ல 5 நொடி எடுத்தால், வரைபடப் புள்ளி 40 மீட்டர் தள்ளி விழும். அதே பாதையில் எதிர்த்திசையில் திரும்ப ஓட்டினால் இது வெளிப்படும். கிளம்பும் முன் இயல்பான பின்னணி அளவைக் குறிப்பதும் கட்டாயம். கிரானைட் பாவிய தெருவில் காமா அளவு தானாகவே ஏறும், அது கசிவல்ல.

அதிகாரபூர்வ வழக்கில் இப்போது ஏ.பி.சி.யின் இடத்தைப் பிடித்திருப்பது சி.பி.ஆர்.என். (வேதி, உயிரி, கதிரியக்கம், அணு). 'ஆர்' கதிரியக்கத்தைத் தனியே பிரிக்கிறது. தமிழில் அதைச் சுருக்கினால் 'வே-உ-க-அ' என்று நாக்கு இடறும். நாம் அ-உ-வே என்றே எழுதலாம்.

எடுத்துக்காட்டு: வேவு ஊர்தி காற்றுத் திசைக்குக் குறுக்காக இருமுறை ஓடி, அளவுகளைக் கட்டளை மையத்துக்கு அனுப்பியது.