எலிமினேட்டர்: எதை நீக்குகிறது?

எலக்ட்ரானிக்ஸ் கடையில் "ஒரு எலிமினேட்டர் குடுங்க" என்றால், வீட்டு ஏசி மின்சாரத்தை பேட்டரி தருவதுபோன்ற டிசியாக (ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக) மாற்றித் தரும், 3 முதல் 12 வோல்ட் வரை மாற்றி வைத்துக்கொள்ளும் சின்னப் பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். முழுப்பெயர் பேட்டரி எலிமினேட்டர். முன்பாதியை நாம் விழுங்கிவிட்டோம்.

வேர் லத்தீன். 'லிமென்' என்றால் வாசற்படி, 'எலிமினாரே' என்றால் படிக்கு வெளியே தள்ளுவது. 1920களின் வால்வு ரேடியோவுக்கு மூன்று பேட்டரி வேண்டும்: வால்வுக்குள் இருக்கும் இழையைச் சூடாக்க ஏ, தகட்டுக்கு 45, 90 வோல்ட் என்று கொடுக்க பி, இரண்டுக்கும் நடுவிலுள்ள கிரிட் என்ற வலைக்கு சி. பி தீர்ந்தால் தூக்கிப்போட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான், செலவு கையைக் கடிக்கும். அந்த வேலையை வீட்டு மின்சாரத்திலேயே முடித்துக்கொடுத்த பெட்டிதான் 'பி எலிமினேட்டர்'. 1925இல் டொராண்டோவில் எட்வர்ட் ராஜர்ஸ் பேட்டரியே வேண்டாத ரேடியோவைக் கொண்டுவந்தார். 1927இல் அவர் தொடங்கிய சி.எஃப்.ஆர்.பி. வானொலியின் கடைசி எழுத்துகூட 'பேட்டரிலெஸ்' என்பதற்குத்தான்.

தமிழில்? 'மின்கல நீக்கி' என்றால் பேட்டரியைக் கழற்றும் குறடோ என்று நினைப்பார்கள். டிசியைத் தருவதால் 'நேர்மின் வழங்கி' என்றால் அழகாக இருக்கிறது, ஆனால் நேர்மின்வாய், நேர்மின்னூட்டம் என்று பிளஸ்ஸுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. என் ஓட்டு 'நேர்திசை மின்வழங்கி'க்கு. வெளியே போனதை விட்டுவிட்டு, கையில் கிடைப்பதைச் சொல்கிறது.

கிடைப்பதுதான் முக்கியம், ஏனென்றால் மலிவான எலிமினேட்டர் பேட்டரியோடு சேர்த்து அதன் அமைதியையும் வெளியே தள்ளிவிடுகிறது. ஒன்றைத் திறந்து பாருங்கள்: 9-0-9 டிரான்ஸ்ஃபார்மர் (நடு முனையிலிருந்து இரு பக்கமும் 9 வோல்ட் ஏசி தருவது), மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 1என்4007 டயோடு இரண்டு, உச்சிகளுக்கு இடையே தேக்கிவைத்துக் கொடுக்கும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அவ்வளவுதான். 9 வோல்ட் ஏசியின் உச்சி 12.7, டயோடில் 0.7 போக 12. அதனால்தான் 9 என்று எழுதிய பெட்டியில், எதையும் மாட்டாமல் மீட்டர் வைத்தால் 12க்கு மேல் காட்டுகிறது. பழுதெல்லாம் இல்லை. அரை ஆம்பியர் இழுத்தாலோ, ஓர் உச்சிக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள 10 மில்லி நொடிக்குள் கிட்டத்தட்ட 5 வோல்ட் சரிந்து ஏறும், ரேடியோ 'ம்ம்ம்' என்று முனகும்.

ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை மாதிரி 5 வோல்ட் வேலைக்கு இதே டிரான்ஸ்ஃபார்மர் போதும், ஆனால் கெப்பாசிட்டரை 2200 ஆக்குங்கள், சரிவு 2.3 வோல்ட்டில் நிற்கும். அப்புறம் வோல்ட்டை 5இல் நிலையாக நிறுத்தும் 7805 என்ற ஐசி ஒன்று; அதற்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் வந்தால் சரி. அரை ஆம்பியரில் அதுவே 3 வாட் சூடாகும், சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க் மாட்டாமல் விரலை வைத்துவிடாதீர்கள்.