சாக்கெட் என்னும் பொருத்துவாய்

தருமபுரியில் ஹார்டுவேர் கடைக்குப் போய் "ஒரு சாக்கெட் குடுங்கண்ணா" என்றால், "பைப்புக்கா, கரண்டுக்கா?" என்று கேட்பார்கள். இரண்டு பிவிசி குழாய்களை இணைக்கும் துண்டும் சாக்கெட்தான், சுவரில் பிளக் செருகும் இடமும் சாக்கெட்தான். கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கிளம்பும் பையன்களுக்கு வேண்டியது மூன்றாவது வகை: கம்ப்யூட்டரின் எல்லாப் பாகமும் ஏறும் மதர்போர்டில், அதன் மூளையான பிராசஸர் உட்காரும் சதுர இடம். பிராசஸர் செய்யும் நிறுவனங்களில் இன்டெலா, ஏஎம்டியா, எந்த போர்டு என்று வாரக்கணக்கில் நடக்கும் விவாதம் எல்லாம் கடைசியில் இந்தச் சதுரத்தில்தான் வந்து நிற்கும்.

சொல் பிறந்த இடம் வயல். பழைய பிரெஞ்சில் 'சோக்' என்றால் ஏர்க்கொழு. அதன் சிறு வடிவம் 'சொகெட்'. கொழுவைப் போன்ற வடிவுள்ள ஈட்டிமுனைக்கு முதலில் அந்தப் பெயர். பிறகு முனையை விட்டு நகர்ந்து, ஒரு பொருளை ஏற்றுப் பிடித்துக்கொள்ளும் குழிவைக் குறிக்கத் தொடங்கியது. கண்குழி, பல்பு மாட்டும் இடம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. 'சோக்' என்பதற்கும் பின்னால், பன்றியின் மூக்கைக் குறித்த ஒரு கெல்ட்டியச் சொல் இருக்கலாம் என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். காட்டுப்பன்றி கடலைக்காட்டைக் கிளறிப் போட்டதைப் பார்த்த பென்னாகரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டருக்கு வந்த சாக்கெட் பல ஆண்டுகள் பெயருக்கு ஏற்றபடியே இருந்தது. பிராசஸரின் அடியில் ஊசிகள், போர்டில் துளைகள். 1990களில் வந்த சாக்கெட் 7 என்பதில் இன்டெலின் பென்டியம், ஏஎம்டியின் கே6, சைரிக்ஸ் நிறுவனத்தின் பிராசஸர் மூன்றும் உட்கார்ந்தன. இன்றைக்கு நினைத்தாலே பொறாமையாக இருக்கிறது. 1997இல் இன்டெல் பென்டியம் 2ஐ ஒரு கேசட் மாதிரி செங்குத்தாகச் செருக வைத்து, அந்த இடத்துக்கு ஸ்லாட் 1 என்று பெயர் வைத்தது. ஏஎம்டியும் தனக்கொரு ஸ்லாட் செய்துகொண்டது. அதோடு பொதுப்பந்தி முடிந்தது. அப்புறம் இருவரும் சாக்கெட்டுக்கே திரும்பினார்கள், ஆனால் தனித்தனி சாக்கெட்.

2004இல் இன்டெல் எல்ஜிஏ 775 என்ற சாக்கெட்டைக் கொண்டுவந்தபோது ஊசிகள் போர்டின் பக்கம் போய்விட்டன. பிராசஸரின் அடியில் தட்டையான தொடுபுள்ளிகள் மட்டும். எதுவும் எதற்குள்ளும் நுழைவதில்லை, மேலே வைத்து அழுத்திப் பூட்டுகிறோம். வழக்கமான டெஸ்க்டாப் பிராசஸர்களில் ஏஎம்டி 2022இல் ஏஎம்5 என்ற சாக்கெட் வழியாக இதே முறைக்கு வந்தது. ஆக, குழி என்ற பழைய பொருள் இங்கே பாதி உதிர்ந்துவிட்டது. அதனால்தான் தமிழில் இதற்குப் 'பொருத்துவாய்' சரி என்று நினைக்கிறேன். 'செருகுவாய்' என்பதை ரேமும் கிராபிக்ஸ் கார்டும் ஏறும் ஸ்லாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கே உண்மையாகவே செருகுகிறோம். மதர்போர்டுக்குத் 'தாய்ப்பலகை' நிலைத்துவிட்டது. பிராசஸருக்குச் 'செயலி' என்றால்தான் சிக்கல். அதே சொல்லை இன்று மொபைல் ஆப்புக்கும் எழுதுகிறார்கள். 'மையச் செயலி' என்று எழுதினால் குழப்பம் இல்லை. இங்கே பேச்சே அதைப் பற்றித்தான் என்பதால் இனி சுருக்கமாகச் 'செயலி', 'பலகை' என்றே எழுதுகிறேன்.

எல்ஜிஏவுக்குப் பின்னால் வரும் எண் தொடுபுள்ளிகளின் எண்ணிக்கை. எல்ஜிஏ 1700இல் 1700, 1851இல் 1851. ஏஎம்5க்கு முந்தைய ஏஎம்4இன் பெயரில் எண்ணிக்கை இல்லை, அதற்கு 1331 ஊசிகள். ஏஎம்5க்கு 1718. எண் ஒத்துப்போனால் போதும் என்று நம்பிவிடவும் முடியாது. இன்டெலின் 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் பொருத்துவாய் 1151தான். ஆனால் புதிய செயலி பழைய பலகையில் ஓடாது என்று இன்டெல் வைத்துவிட்டது. செயலிக்கும் மற்ற பாகங்களுக்கும் இடையே போக்குவரத்தைக் கவனிக்கும் பலகையின் சிப்செட், அதாவது சில்லுத்தொகுதி, என்ன என்றும் பார்க்க வேண்டியது இதனால்தான். பொருத்துவாய், சில்லுத்தொகுதி, ரேம் வகை மூன்றும் சேர்ந்ததைத்தான் கடைக்காரர்கள் 'பிளாட்ஃபார்ம்' என்கிறார்கள்.

சரி, எதை எடுப்பது? இரண்டு மூன்று வருடம் கழித்து செயலியை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்5. 2027 வரையும் அதற்கு அப்பாலும் அதைத் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. முன்னோடியின் வரலாறும் நம்பிக்கை தருகிறது: 2017இல் வந்த ஏஎம்4 பலகைகள் பலவற்றில் பயாஸை, அதாவது பலகையிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளை, புதுப்பித்துவிட்டு, 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியை ஏற்ற முடிந்தது. இன்டெலின் 1700 அப்படியல்ல. 2021இல் வந்தது, 12, 13, 14 என்று மூன்று தலைமுறையோடு முடிந்தது. 2024இல் 1851 வந்துவிட்டது. ஆனாலும் 1700ஐத் தள்ள மாட்டேன். வீட்டில் டிடிஆர்4 என்ற முந்தைய தலைமுறை ரேம் கிடந்தால், அதை ஏற்கும் 1700 பலகையோ ஏஎம்4 பலகையோ எடுத்து, மிச்சமாகும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவதே கேமுக்கு நல்லது. ஏஎம்5, 1851 இரண்டிலும் டிடிஆர்5 மட்டும்தான். 1700இல் இரண்டு வகைப் பலகையும் உண்டு, வாங்கும்போது பெட்டியைப் படியுங்கள். நிறுவனம் வைத்த வேகத்துக்கும் மேலே செயலியை ஓட்ட, அதாவது ஓவர்கிளாக் செய்ய, இன்டெலில் இசட் வரிசைச் சிப்செட் வேண்டும், ஏஎம்டியில் பி வரிசையே போதும்.

ஓசூரிலிருந்து பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் செகண்ட்ஹேண்ட் பலகை எடுப்பவர்களுக்கு ஒன்று. எல்ஜிஏ வகையானால், அதாவது ஊசி பலகையில் இருந்தால், காசு கொடுக்கும் முன் மொபைல் டார்ச்சைச் சாய்த்து அடித்து ஊசி வரிசையைப் பாருங்கள். வளைந்த ஊசி இருக்கும் இடத்தில் மட்டும் ஒளி வேறுமாதிரி பட்டுத் திரும்பும். மேலே மூடும் பிளாஸ்டிக் மூடியையும் கேட்டு வாங்குங்கள், பஸ்ஸில் ஊசியைக் காப்பது அதுதான். ஏஎம்4 ஆனால் ஊசி செயலியில் இருக்கிறது. செயலியின் சூட்டைத் தணிக்க மேலே மாட்டியிருக்கும் கூலரை நேராக இழுத்தால், இடையில் பூசிக் காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு செயலியும் சேர்ந்து பிடுங்கி வந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடவலமாகத் திருகிய பிறகு தூக்குங்கள்.