கீமோவும் கூந்தலும்: மயிர்க்காலுக்குள் என்ன நடக்கிறது?

புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன் பலர் டாக்டரிடம் கேட்பது, "முடி கொட்டுமா?" என்பதுதான். "உயிர் முக்கியமா, முடி முக்கியமா?" என்று பக்கத்தில் நிற்கும் உறவினர் அதட்டுவார். அந்த அதட்டல் தவறு. கேட்டவருக்கு உயிரின் அருமை தெரியாமல் இல்லை. நோய் வயிற்றிலோ மார்பிலோ மறைந்திருக்கும். தலைதான் அதை ஊருக்குச் சொல்லிவிடும். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டும்.

நரம்பு வழியே ஏறும் மருந்துக்கு முடியின் மேல் தனிப் பகை எதுவும் கிடையாது. கீமோ மருந்துகளில் பல, வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுச் செல்கள் அப்படிப் பெருகுகின்றன. வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்களும் அப்படியே. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, ரத்த அணுக்கள் குறைவது எல்லாம் இதனால் வருபவை. இந்த வரிசையில் முன்னால் நிற்பது மயிர்க்காலின் அடியிலுள்ள குமிழ். தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்க்கால்கள் உண்டு. ஒரு முடி நாளொன்றுக்கு 0.35 மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. ஆனால் தலை முழுவதையும் கூட்டினால், ஒரே நாளில் சுமார் 30 மீட்டர் இழை நெய்யும் தறி அது.

தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. தலைமுடி ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, சில வாரங்களில் சுருங்கி, இரண்டு மூன்று மாதங்கள் ஓய்ந்திருந்து, பிறகு உதிரும். எந்த நாளில் பார்த்தாலும் 85 முதல் 90 விழுக்காடு முடிகள் வளரும் பருவத்தில்தான் இருக்கும். மருந்து வந்து சேரும்போது அவ்வளவும் அகப்பட்டுக்கொள்கின்றன. புருவமும் இமையும் வளரும் காலம் சில மாதங்களே. ஆகவே ஓய்விலிருக்கும் முடிகள் அங்கே அதிகம். பெரும்பாலும் தாமதமாகவோ அரைகுறையாகவோதான் உதிர்கின்றன.

குமிழின் செல்கள் சாவது எப்படி என்பது இன்னும் சுவையானது. மருந்தால் மரபணு சேதமானதும் பி53 என்ற புரதம் விழித்துக்கொண்டு, "பழுதோடு பெருகாதே, உன்னை அழித்துக்கொள்" என்று அந்தச் செல்லுக்கு ஆணையிடுகிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் புரதம் இல்லாத எலிகளுக்கு சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்தைக் கொடுத்தபோது அவற்றின் முடி உதிரவில்லை. உடலைப் புற்றிலிருந்து காக்கும் காவலாளியே இங்கே முடியைப் பலியிடுகிறது.

முதல் டோஸ் ஏறிய அன்று எதுவும் தெரியாது. உள்ளே முடி மெலிந்துபோயிருக்கும். அந்த மெலிந்த இடம் வளர்ந்து மேலே வரும்போது ஒடிகிறது. அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். காலையில் தலையணையைப் பார்க்கும்போதுதான் தெரியவரும். தலைத்தோல் முன்னதாகவே வலிக்கலாம். எல்லா மருந்தும் ஒன்றல்ல. நோயாளிகள் சிவப்பு மருந்து என்று சொல்லும் டாக்சோரூபிசினும், பாக்லிடாக்சல் என்ற வேறொரு மருந்தும் பெரும்பாலும் முழுவதையும் உதிர்த்துவிடும். வேறு சில மருந்துகளில் அடர்த்தி மட்டும் குறையும். முடி கொட்டாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று சிலர் பயப்படுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

அழிவது குமிழின் செல்கள். மயிர்க்காலின் மேற்புறத்தில், ஒரு சிறு புடைப்பில், புதுச் செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை மிக நிதானமாகப் பிரிவதால் பெரும்பாலும் மருந்திடம் தப்பிவிடும். சிகிச்சை முடிந்ததும் புதுக் குமிழை அவையே எழுப்பும். விதிவிலக்கு உண்டு: டோசிடாக்சல் என்ற கீமோ மருந்து எடுத்தவர்களில் சிறு பங்கினருக்கு முடி முழுமையாகத் திரும்புவதில்லை. தலையில் அதிக அளவு கதிர்வீச்சு கொடுத்த இடத்திலும் அப்படி ஆகலாம். இதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை என்று நினைக்கிறேன்.

உதிராமல் தடுக்க இன்று கையிலிருக்கும் நல்ல வழி குளிர். மருந்து ஏறுவதற்கு அரை மணி முன்பிருந்து, ஏறி முடிந்து ஒன்றரை மணி வரையிலோ அதற்கு மேலோ, தலையில் குளிர்த் தொப்பி அணிகிறார்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் குமிழுக்கு வரும் மருந்து குறைகிறது. செல்லின் வேலையும் மந்தமாகிறது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தொப்பி அணிந்த மார்பகப் புற்றுநோயாளிகள் 95 பேரில் 48 பேருக்கு முடியில் பாதிக்கு மேல் தங்கியது. அணியாத 47 பேரில் ஒருவருக்கும் தங்கவில்லை. தலைவலியும் நடுக்கமும் வரும். ரத்தப் புற்றுநோய்க்கு இது ஆகாது. செலவும் அதிகம், நம் ஊரில் எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை.

தொப்பி கிடைக்காதவர்கள் தேதியைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். பழனியில் வேண்டுதலுக்கு எடுக்கும் மொட்டையில் தலைகுனிவு இல்லை; நாமே குறித்த நாளில், நாமே கொடுப்பது அது. இரண்டாம் வாரத்துக்குள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டவர்களுக்குக் கொத்துக் கொத்தாக உதிரும் அதிர்ச்சி குறைகிறது. மழிப்பதானால் சவரக்கத்தி வேண்டாம், டிரிம்மர் போதும்: வெள்ளையணு குறைந்த உடலில் சிறு கீறலும் சீழ் பிடிக்கலாம். விக் வேண்டுமென்றால் சொந்த முடி இருக்கும்போதே வாங்கினால் நிறமும் வகிடும் பொருந்தும். வீட்டில் மெல்லிய பருத்தித் துணி, வெயிலில் தொப்பி. இமைமுடி போனால் கண்ணில் தூசு விழும், கண்ணாடி உதவும். மூக்கினுள் முடி போனால் மூக்கு ஒழுகும். அது சளி அல்ல.

கடைசி டோஸுக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று மாதங்களில் பூனைமுடி போல மென்மையாக முளைக்கத் தொடங்கும். நேராக இருந்தது சுருளாகவும், கறுப்பு நரையாகவும் வரலாம். பலருக்குப் பிறகு பழையபடி மாறிவிடும். வளர்ச்சி மாதம் ஒரு சென்டிமீட்டர். சடை பின்ன இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். ஹேர்பின்னில் துண்டுப் பூ செருக, ஐந்தாறு சென்டிமீட்டர் போதும்.