ஷ்பால்ட்டர்ஃப்ளாகெ: பிரிவினைக் கொடியா, பிளவுவாதிக் கொடியா?

பழைய கிழக்கு ஜெர்மனியின் கொடியைப் பற்றிப் படிக்கும்போது ‘ஷ்பால்ட்டர்ஃப்ளாகெ’ என்ற சொல் எப்படியும் தட்டுப்படும். மேற்கு ஜெர்மனிக்காரர்கள் அந்தக் கொடிக்கு வைத்த பெயர் அது. தமிழில் எழுத உட்கார்ந்தால் சட்டென்று கைக்கு வருவது ‘பிரிவினைக் கொடி’. நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். இப்போது அது சரியாகப் படவில்லை.

‘ஷ்பால்ட்டன்’ என்றால் பிளப்பது. விறகு பிளப்பதற்கும் ஜெர்மனில் இதே வினைதான். ‘ஷ்பால்ட்டர்’ என்றால் பிளப்பவன். ‘ஃப்ளாகெ’ கயிறு கட்டி ஏற்றும் கொடி. கம்போடு பிணைத்த கொடிக்கு ‘ஃபானெ’ என்று தனிச் சொல் உண்டு. நமக்கு இரண்டுமே கொடிதான், அதில் தொல்லையில்லை. தொல்லை முன்பாதியில் இருக்கிறது. அது பிளந்த ஆளைக் கைகாட்டுகிறது. கிட்டத்தட்ட வசவு.

ஏன் இவ்வளவு கோபம்? 1949இல் மே மாதம் மேற்கும் அக்டோபரில் கிழக்கும் தனித்தனி அரசுகளாயின. இரண்டுமே, ஒன்றுபட்ட ஜெர்மனி கேட்டு எழுந்த 1848 புரட்சியின் கறுப்பு, சிவப்பு, பொன் நிறங்களைத் தங்கள் கொடியாக எடுத்துக்கொண்டன. முழு ஜெர்மனிக்கும் தாங்களே வாரிசு என்பது இருவரின் வாதம். ஆக, பத்து ஆண்டுகள் எல்லைக்கு இரண்டு பக்கமும் பறந்தது ஒரே கொடி. 1959 அக்டோபர் 1 அன்று கிழக்கு தன் கொடியின் நடுவில் அரசுச் சின்னத்தைச் சேர்த்தது: தொழிலாளிக்குச் சுத்தியல், அறிவுத்துறையினருக்குக் கவராயம், சுற்றிலும் உழவர்களுக்குக் கதிர் வளையம். (இந்தக் கவராயத்தைத் ‘திசைகாட்டி’ என்று எழுதிவிடக் கூடாது. காம்பஸ் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் புழங்குவதால் வரும் குழப்பம். இது ஜாமெட்ரி பாக்ஸில் வட்டம் போடுவதற்கு இருக்குமே, அது.)

மேற்கில் அந்தக் கொடியைப் பறக்கவிட்டால் போலீஸ் வந்து இறக்கியது. 1969 வரை இதே நிலை. 1960, 1964 ஒலிம்பிக்கில் இரு நாடுகளும் ஒரே அணியாகப் போனபோது இந்தச் சின்னம் ஆகாது என்று, மூவண்ணத்தின் சிவப்புப் பட்டையில் வெள்ளையாக ஐந்து வளையங்களை வைத்துச் சமாளித்தார்கள். 1970 மே மாதம் கிழக்கின் பிரதமர் வில்லி ஷ்டோஃப் மேற்கு ஜெர்மனியின் காசல் நகருக்கு வந்தார். அவருக்காக ஏற்றிய கொடியை இளைஞர்கள் மூவர் கம்பத்திலிருந்து இறக்கிக் கிழித்தார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘பிரிவினை’ தனி நாடு கேட்பவர்களுக்குப் பொருந்தும் சொல். மேற்கின் குற்றச்சாட்டோ ஒன்றாக இருந்ததை உடைத்தாய் என்பது. கட்சியை உடைப்பவரை நம் அரசியல் மேடைகளில் ‘பிளவுவாதி’ என்று ஏசுவோமே, அந்தச் சூடு இதில் அப்படியே இருக்கிறது. கிழக்கும் மேற்கத்திய அரசியல்வாதிகளை ஷ்பால்ட்டர் என்றே திட்டியது. ஆகவே என் தேர்வு ‘பிளவுவாதிக் கொடி’. மேற்கோள் குறிக்குள் போடுவது நல்லது, இல்லாவிட்டால் வசவு நம்முடையதாகிவிடும்.

1989 இறுதியில் கிழக்கிலேயே மக்கள் சின்னத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டு, நடுவில் ஓட்டையோடு கொடி பிடித்தார்கள். 1990 மே 31 அன்று பொதுக் கட்டடங்களிலிருந்து சின்னத்தை அகற்ற நாடாளுமன்றமும் முடிவெடுத்தது. ஆனால் சட்டப்படி கொடியில் மட்டும், இரு ஜெர்மனிகளும் இணைந்த அக்டோபர் 3 வரை சுத்தியலும் கவராயமும் இருந்தன.